பஸ் வண்டியும் வன்னி மக்களும்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கோயிலிலிருந்து தொடங்குவர். அன்றேல் அதை ஆண்ட அரசரிலிருந்து தொடங்குவர். முள்ளியவளையைப் பற்றி எழுத முனைவோருக்கும் இவ்விரு வழிகளும் திறந்தே கிடக்கின்றன. காட்டு விநாயகர் ஆலயத்தில் கடல்நீரில் விளக்கெரியும் வைகாசி நாட்களும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும், அந்நியனை எதிர்த்து நின்ற பண்டாரவன்னியனின் பெயரும் எவரையும் எழுதத் தூண்டுவனவே. ஆனால், இந்த மண்ணில் வாழ்ந்த சாதாரண மனிதர்கள் நாள்தோறும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு சென்றனர், எதில் சென்றனர், யாருக்குப் பணம் கொடுத்துச் சென்றனர் என்ற வினாவிலிருந்து சரித்திரத்தைத் தொடங்குவோர் மிகச் சிலர். இவ்வினா அற்பமானது போலத் தோன்றலாம். அது அற்பமானதன்று என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு மாணவி.

உயர்தர வகுப்புக்கு மாணவரைச் சேர்த்துக்கொண்டிருந்த நாள். கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்றிருந்த அம்மாணவி கலைப்பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தாள். தமிழ் கற்பிக்கும் எனக்கு அது மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் காரணம் கேட்டேன். “கணித வகுப்பு பின்னேரம் ஐந்தரைக்குத்தான் சேர் முடியும். அதுக்குப் பிறகு எங்கட ஊருக்குப் பஸ் இல்லை” என்றாள். அவள் குரலில் குறையேதும் இல்லை. மழை பெய்யும், வெயில் எறிக்கும் என்று சொல்வது போலவே அதைச் சொன்னாள். ஒரு பிள்ளை பொறியியலாளராவதா அல்லவா என்பதை அவளது அறிவும் தீர்மானிக்கவில்லை, ஆசிரியரும் தீர்மானிக்கவில்லை, மாலை நேரப் பஸ் ஒன்று தீர்மானித்துவிட்டது. இயற்கையின் நியதி போல அவள் ஏற்றுக்கொண்ட அந்த நிலை மனிதரால் ஆக்கப்பட்டது. மனிதரால் ஆக்கப்பட்ட அனைத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வன்னியை ஊடறுத்த பாதை

1895ஆம் ஆண்டு ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். குளங்களையும் குடிசனத்தையும் கணக்கெடுத்து எழுதப்பட்ட அந்நூல், ஆட்சியாளன் தன் உடைமையை அளந்து பார்க்கும் பார்வையில் அமைந்தது. அக்காலத்தில் வன்னிக் கிராமத்தானுக்கு மாட்டு வண்டியும் கால்நடையுமே துணை. ஒற்றையடிப் பாதைகள் குளக்கட்டுகளைத் தொட்டுக் காட்டினூடே சென்றன. நெல்லும் தேனும் மரமும் வெளியே சென்றன. உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் உள்ளே வந்தன. இடையில் நின்ற வியாபாரி இரு வழியிலும் இலாபம் கண்டான்.

பின்னர் புகையிரதம் வந்தது. 1902ஆம் ஆண்டு காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1905ஆம் ஆண்டு வடபகுதிப் பாதை பூர்த்தியாகிக் கொழும்பும் யாழ்ப்பாணமும் இணைந்தன. வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி என்று வன்னியின் நடுவே தண்டவாளம் நீண்டது. ஆனால், அப்பாதை வன்னியை ஊடறுத்துச் சென்றதேயன்றி வன்னிக்காகச் சென்றதன்று. தலைநகரின் அலுவலகங்களுக்கும் வர்த்தக நிலையங்களுக்கும் வேண்டிய மனிதரை வடக்கிலிருந்து கொண்டு செல்வது அதன் முதன்மையான பயன். கிழக்குக் கரையிலுள்ள முல்லைத்தீவுக்கு ஒரு கிளைப் பாதையேனும் இடப்படவில்லை, இன்றுவரையும் இல்லை. முள்ளியவளையான் ரயில் ஏற வேண்டுமாயின் தண்ணீரூற்றையும் ஒட்டுசுட்டானையும் கடந்து, காட்டுவழியே மாங்குளத்துக்குப் போதல் வேண்டும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இந்த ஐம்பது கிலோமீற்றரே எங்கள் பிரதேசத்தின் பொருளாதாரத்தையும் கல்வியையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிர்ணயித்து வந்தது என்றால் அது மிகையாகாது.

முதலாளியின் வீதி

மோட்டார் வாகனம் வந்தபோது நிலைமை மாறியிருக்க வேண்டும். மாறவும் செய்தது; ஆனால், மாறிய விதத்தைக் கவனிக்க வேண்டும். வடபுலத்தில் ‘தட்டிவான்’ என்று அழைக்கப்பட்ட வண்டியை முதியோர் இன்றும் நினைவுகூருவர். பின்புறத் தட்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டு, அதன்மேல் வாழைக்குலையும் வெங்காய மூட்டையும் ஆட்டுக்குட்டியும் ஏற்றி, உள்ளே மனிதரை நெருக்கியடித்து ஓடிய வண்டி அது. சந்தைக்குப் போகும் விவசாயிக்கு அது பேருதவி. ஆயினும் அது ஆள் நிரம்பினால் புறப்படும், நிரம்பாவிட்டால் நிற்கும். நேரம் என்பது பிரயாணியின் உரிமையாக இருக்கவில்லை. உரிமையாளனின் கணக்காக இருந்தது.

தென்னிலங்கையிலும் தனியார் பஸ்கள் போட்டி போட்டு ஓடின. இந்த அராஜகத்தை ஒழுங்குபடுத்தவென 1942ஆம் ஆண்டு பஸ் சேவை அனுமதிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒரு வீதியில் ஓடும் உரிமை ஒரு கம்பனிக்கே என்று வகுக்கப்பட்டது. போட்டி ஒழிந்தது, அதன் இடத்தில் ஏகபோகம் அமர்ந்தது. இலாபம் தரும் வீதிகளைப் பற்றிக்கொண்ட கம்பனிகள் இலாபமற்ற கிராமத்துப் பாதைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கம்பனியின் எல்லை முடியும் இடத்தில் மற்றக் கம்பனியின் வண்டி காத்திருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டு இரத்தினம் அறிக்கையும், 1954ஆம் ஆண்டு சன்சோனி அறிக்கையும், 1956ஆம் ஆண்டு ஜயரத்தின பெரேரா அறிக்கையும் பஸ் சேவையைப் பொதுவுடைமையாக்குதலே தக்கது என்று கூறின. எட்டு ஆண்டுகளில் மூன்று ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லியும் தயக்கம் ஏன்? பஸ் முதலாளிகள் அக்காலத்தில் வெறும் வியாபாரிகளல்லர், அரசியலின் தூண்கள். தென்மேற்கு பஸ் கம்பனியின் அதிபரான சேர் சிறில் டி சொய்சா 1955ஆம் ஆண்டு முதல் செனற் சபையின் தலைவராக அமர்ந்திருந்தார் என்ற ஒரு செய்தியே அந்தத் தயக்கத்தின் காரணத்தை விளக்கப் போதுமானது.

1958 ஜனவரி முதலாம் திகதி

பண்டாரநாயக்கா அரசாங்கம் 1957ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. தனியார் கம்பனிகள் அனைத்தும் ஒரே ஸ்தாபனத்தின் கீழ் வந்தன. கால ஓட்டத்தில் ஏறத்தாழ 7,000 பஸ்களும் 50,000க்கு மேற்பட்ட தொழிலாளரும் கொண்ட ஸ்தாபனமாக அது வளர்ந்தது.

இங்கே ‘ஒருங்கிணைந்த போக்குவரத்து’ என்ற சொற்றொடரின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. பல வண்டிகள் ஓடுவது ஒருங்கிணைப்பன்று. ஒரு வண்டி மற்ற வண்டிக்காக ஓடுவதே ஒருங்கிணைப்பு. இலண்டன் மாநகரில் 1933ஆம் ஆண்டு பஸ், டிராம், நிலக்கீழ் ரயில் யாவும் ஒரே பொதுச் சபையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. தொழிற்கட்சியைச் சேர்ந்த ஹேபேட் மொரிசன் வகுத்த திட்டம் அது. அதன்பின் நகரத்தான் தன் பிரயாணத்தை ஒரே பிரயாணமாக எண்ணலானான். எந்த வண்டி யாருடையது என்ற கேள்வி மறைந்தது. எங்கே போகவேண்டும் என்ற கேள்வி மட்டும் எஞ்சியது. தொழிலிடத்துக்கு அருகிலேயே குடியிருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் தளர்ந்தது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. மக்கள் நெருங்கி வாழும் வீதியில் ஓடும் பஸ் இலாபம் தரும். காட்டோரக் கிராமத்துக்குப் போகும் பஸ் நட்டம் தரும். இரண்டும் வெவ்வேறு முதலாளிகளின் கைகளில் இருந்தால் முன்னது பெருகும், பின்னது நின்றுபோகும். இரண்டும் ஒரே பொதுப்பணப் பெட்டிக்குள் வந்தால் கொழும்பு – காலி வீதியில் மிஞ்சும் பணம் முல்லைத்தீவுக் காட்டுவழியில் ஓடும் வண்டிக்கு எண்ணெய் வார்க்கும். உள்ளவனிடமிருந்து இல்லாதவனுக்குப் பாயும் வாய்க்கால் அது. இதைத் தருமம் என்று சொல்வதற்கில்லை. நகரத்தின் சந்தையை நிரப்புவதே கிராமத்தின் உழைப்புத்தான். அவ்வுழைப்புக்குரிய கடனைத் திருப்பிச் செலுத்தும் முறைகளில் இதுவும் ஒன்று.

எங்கள் ஊர் முதியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவு ரயில் மாங்குளத்துக்குத் தாமதமாக வரும் நாட்களிலும் முல்லைத்தீவுப் பஸ் ஸ்ரேசனடியில் நிற்குமாம். சாரதி தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். நடத்துநர் தபால் பைகளையும் பத்திரிகைக் கட்டுகளையும் எண்ணிக்கொண்டிருப்பார். ரயிலால் இறங்குபவர் ஒருவராயினும் நால்வராயினும் பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டே புறப்படும். “அது எங்கட பஸ் எண்ட எண்ணம் எல்லாருக்கும் இருந்தது, தம்பி” என்றார் அவர். ஒரு ஸ்தாபனத்தின் வெற்றியை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை.

அந்தப் பஸ்ஸின் பயன்களை எண்ணிப் பாருங்கள். முல்லைத்தீவு தனி மாவட்டமாகியது 1978ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன்னர் காணி அலுவலாயினும் அனுமதிப் பத்திரமாயினும் கச்சேரிக் காரியத்துக்கு வவுனியாவுக்கே போகவேண்டியிருந்தது. விடியற்காலைப் பஸ்ஸில் புறப்பட்டு இரவுப் பஸ்ஸில் திரும்ப முடிந்ததனால் விவசாயி தரகனை நம்பாது தன் காரியத்தைத் தானே பார்க்கலானான். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த குடும்பங்கள் தாய்க் கிராமங்களுடன் தொடர்பற்றுப் போகாதிருந்தன. பருவகாலச் சீட்டு கையிலிருந்த பிள்ளை பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. பத்திரிகை அன்றன்றே வந்தது; வாசிகசாலை பிறந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு விசேட பஸ்கள் ஓடியபோது, நடந்தும் வண்டி கட்டியும் வந்த அடியார்களோடு தூரத்து ஊர்களின் ஏழைகளும் அம்மன் முன்றிலில் கூடினர்.

ஆசனமும் சாதியும்

இன்னொன்றையும் மறக்கலாகாது. வடபுலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் ஆசனத்தில் அமரும் உரிமை மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பணம் கொடுத்தும் நிற்க வேண்டும்; அன்றேல் தரையில் குந்தவேண்டும். தமிழ்நாட்டிலும் இக்கொடுமை நிலவிற்று. 1920களின் இறுதியில் இராமநாதபுரம் மாவட்ட சபையின் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ் முதலாளிகளுக்கு எதிராக ஆணை பிறப்பித்தார். கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். 1955ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி மொண்ட்கொமரி நகரில் றோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண் தன் ஆசனத்தை வெள்ளையனுக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து நடந்தே வேலைக்குச் சென்று வெற்றி கண்டனர்.

பஸ் ஆசனத்தில் இத்துணைப் பெரிய போராட்டம் ஏன்? கோயிலில் சாதிக்கு ஒரு வாசல் வகுக்கலாம். குடியிருப்பில் சாதிக்கு ஒரு குறிச்சி வகுக்கலாம். பஸ்ஸினுள்ளோ தோளோடு தோள் உரசாது பிரயாணம் செய்ய இயலாது. ஆகவேதான் பழைய சமுதாயம் அதைக் கண்டு அஞ்சியது. 1957ஆம் ஆண்டு இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதை அடுத்துப் பஸ் சேவை பொதுச் சபையின் கைக்கு மாறியது. முதலாளியின் வண்டியில் முதலாளியின் வழக்கம் செல்லும். பொதுமக்களின் வண்டியில் அவ்வழக்கத்துக்கு நியாயம் சொல்ல எவனாலும் முடியாது. சாதி ஒழிந்துவிட்டது என்று நான் கூறவில்லை. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் இரத்தம் சிந்திப் போராட வேண்டியிருந்ததை நாம் அறிவோம். ஆயினும் முதலில் வந்தவனுக்கு முதல் ஆசனம் என்ற எளிய நியதியை ஒரு தலைமுறைக்குக் கற்பித்த பள்ளிக்கூடங்களில் பஸ்ஸும் ஒன்று.

எழுத்தொன்று செய்த வினை

இத்தகைய பொதுவுடைமை வண்டி வடக்கே வந்தபோது அதன் நெற்றியில் ஓர் எழுத்தைத் தாங்கி வந்தது. அது சிங்கள ‘ஸ்ரீ’. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் நிழலில் வாகன இலக்கத் தகடுகளில் அவ்வெழுத்து புகுத்தப்பட்டது. 1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் அத்தகடு பூண்ட போக்குவரத்துச் சபையின் புதிய பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அவ்வெழுத்தின்மீது தமிழர் தார் பூசினர். தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகள்மீது தார் பூசப்பட்டது. மலைநாட்டில் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிர் துறந்தனர். ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் வவுனியாவில் நடைபெறவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்கு மக்கள் வருகிறார்கள் என்று பொலநறுவைப் புகையிரத நிலையத்தில் ரயில் தாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் நாடே எரிந்தது.

முற்போக்காளராகிய நாம் இவ்விடத்தில் நேர்மையோடு சிந்திக்க வேண்டும். முதலாளிகளிடமிருந்து பஸ்ஸைப் பறித்து மக்களிடம் கொடுத்த கையேதான், அம்மக்களுள் ஒரு பகுதியினரிடம் ‘இது உங்களுடையதன்று’ என்று சொல்லும் எழுத்தையும் அதன்மேல் பொறித்தது. பொதுவுடைமை என்பதில் ‘பொது’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்ற வினாவுக்கு விடை காணாமலே உடைமையை மட்டும் மாற்றினால் விளைவது என்ன என்பதை அந்த ஆண்டு காட்டிற்று. 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர் லெஸ்லி குணவர்த்தனா போக்குவரத்து அமைச்சராகவும் அனில் முனசிங்கா சபையின் தலைவராகவும் இருந்து, இடதுசாரிகளின் கையில் அந்த ஸ்தாபனம் திறம்பட இயங்கிற்று. அதே ஆட்சியில், அதே கட்சியைச் சேர்ந்த கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று ஆக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு தமிழரின் நம்பிக்கையைப் பெறத் தவறிற்று. பஸ்ஸை நேராக ஓட்டத் தெரிந்தவர்கள் நாட்டின் வழியைத் தவறவிட்டனர்.

சந்தைக்கு விடப்பட்ட வீதி

1977ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் என்ற பெயரில் எல்லாக் கதவுகளும் முதலாளிக்குத் திறக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டு போக்குவரத்துச் சபை பிராந்தியச் சபைகளாகத் துண்டாடப்பட்டது. 1979ஆம் ஆண்டு தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. 1990களில் ‘மக்கள்மயம்’ என்ற இனிய பெயர் சூட்டிச் சாலைகள் தனித்தனிக் கம்பனிகளாக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டு அவை மீண்டும் ஒன்று சேர்க்கப்பட்டு இலங்கை போக்குவரத்துச் சபை என்று பெயர் பெற்றபோது பழைய கட்டுக்கோப்பு குலைந்திருந்தது.

துண்டாடலின் விளைவை விளக்கப் பெரிய பொருளாதார அறிவு வேண்டியதில்லை. இலாபம் தரும் வீதியைத் தனியார் பங்கிட்டுக்கொண்டதும் கிராமத்துக்குப் பாய்ந்த வாய்க்கால் வற்றிற்று. பொதுச் சபைக்கு எஞ்சியது நட்டம் மட்டுமே. பின்னர் அந்த நட்டத்தையே காட்டி, ‘பொதுத்துறை திறமையற்றது’ என்று பிரசாரம் செய்யப்பட்டது. காலை வெட்டிவிட்டு நொண்டி என்று நகைப்பது போன்றது இது. தனியார் பஸ்ஸின் சாரதியையும் நடத்துநரையும் நான் குறை கூறேன். அன்றைய வசூலில் உரிமையாளருக்குரிய தொகை போக மிஞ்சுவதே அவர்களுக்கு. ஆகவே அவர்கள் சந்திக்குச் சந்தி ஆள் தேடி நிற்கின்றனர், பின்னால் வரும் வண்டியைக் கண்டதும் பறக்கின்றனர். அவர்களை அவ்வாறு ஓட வைப்பது அவர்களின் குணமன்று. அவர்கள் சிக்கியுள்ள முறை.

பாதை மூடப்பட்ட காலம்

தென்னிலங்கையில் பஸ் சந்தைப் பொருளாயிற்று. எங்கள் மண்ணிலோ அது யுத்தத்தின் இலக்காயிற்று. 1985ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் திகதி முறிகண்டிக்கு அண்மையில் யாழ்தேவி குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு முதல் ஓடிய அந்த ரயில் 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை முற்றாக நிறுத்திற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையே தரைவழி அடைபட்டதனால் மக்கள் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தனர்; கடக்கையிலேயே மடிந்தோர் பலர்.

எரிபொருள் தடை வந்தபோது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. சைக்கிளே வன்னியின் பொது வாகனம் ஆயிற்று. நோயாளியைக் கரியரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்ற தலைமுறை எங்களுடையது. என் சிறுபருவத்தில் ‘பஸ்’ என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் கற்ற பின்னரே வீதியில் அடிக்கடி கண்டேன். 2002ஆம் ஆண்டு ஏ–9 வீதி திறக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகும் வண்டிகளைப் பார்ப்பதற்கென்றே மாங்குளம் சந்திக்குப் போன பிள்ளைகளுள் நானும் ஒருவன். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அது மீண்டும் மூடப்பட்டது.

அந்த ஆண்டு ஜூன் 15ஆம் திகதி கெப்பித்திகொல்லாவையில் கண்ணிவெடியில் சிக்கிய பஸ்ஸில் அறுபதுக்கு மேற்பட்ட சிங்களக் கிராமத்தவர் மாண்டனர். 2008ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி மடுப் பகுதியில் கிளைமோர்த் தாக்குதலுக்குள்ளான பஸ்ஸில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் மாண்டனர். இரு பஸ்களிலும் இருந்தோர் யார்? சொந்த வாகனம் இல்லாதோர். தளபதிகளும் மந்திரிகளும் பஸ்ஸில் போவதில்லை. பஸ்ஸைக் குறிவைத்தவன் எக்கொடியின் கீழ் நின்றாலும் அவன் குறிவைத்தது ஏழையையே.

2009ஆம் ஆண்டு எல்லாம் முடிந்தபோது முள்ளியவளையும் வெறுமையாகக் கிடந்தது. உழவு இயந்திரப் பெட்டிகளிலும் சைக்கிள்களிலும் சுமந்து சென்றவற்றையெல்லாம் வழியிலே இழந்து, முள்வேலி முகாம்களிலிருந்து மக்கள் திரும்பினர்.

இன்றைய நிலை

ரயில் 2013ஆம் ஆண்டு கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. வீதிகள் கறுத்துப் பளபளக்கின்றன. ‘அபிவிருத்தி’ என்று பலகைகள் கூறுகின்றன. வீதி வேறு, போக்குவரத்து வேறு என்பதை மட்டும் எப்பலகையும் கூறுவதில்லை. வண்டி வைத்திருப்பவனுக்கு வீதி அபிவிருத்தி. வண்டியில்லாதவனுக்கு அது பிறர் விரைந்து செல்வதைப் பார்த்து நிற்கும் இடம்.

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்கள் மாகாண அதிகார சபையின் கீழ். போக்குவரத்துச் சபையின் பஸ்கள் மத்திய அரசின் கீழ். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் ஒரே வீதிக்கு இரண்டு எசமானர் ஏற்பட்டனர். இணைந்த நேர அட்டவணை என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது; பிணக்கும் பணிப்புறக்கணிப்பும் உடன் எழுகின்றன. காலை ஏழு மணிக்கு ஒரே திசையில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. மாலை ஆறு மணிக்கு ஒன்றுகூட இல்லை. ரயிலின் நேரத்தைப் பஸ் அறியாது. பள்ளிக்கூட மணியையும் அறியாது. மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் நாளில் வரும் மூதாட்டி மருந்துக்கு நின்றால் பஸ்ஸை இழப்பாள்; பஸ்ஸைப் பிடித்தால் மருந்தை இழப்பாள்.

இந்த வெற்றிடத்தில் புகுந்தது கடன். லீசிங்கில் வாங்கிய மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு நிற்கிறது. மாதத் தவணை தப்பினால் வண்டி பறிபோகும். யுத்தத்தில் கணவனை இழந்து, தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் மலிந்த மாவட்டம் இது. தையல் வேலைக்கோ சந்தைக்கோ போகும் பெண் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணம் அவளது நாட்கூலியைக் கடித்துத் தின்கிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இந்த முறையின் பொய்மை முழுமையாக அம்பலமாயிற்று. பெற்றோல் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. ஜூலை மாதத்தில் பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாவாக உயர்ந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒவ்வொருவனுக்கும் ஒரு வாகனம் என்ற கனவு ஒரு சில வாரங்களில் கலைந்து, மக்கள் மீண்டும் சைக்கிளைத் துடைத்து எடுத்தனர்.

மாற்று வழி இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 1972ஆம் ஆண்டு முதல் அரசு போக்குவரத்துக் கழகங்கள் வளர்ந்தன. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கின்றனர். வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணும், பூ விற்கும் பெண்ணும் கணவனிடமோ மகனிடமோ கை நீட்டாது வெளியே புறப்படும் நிலை அதனால் பிறந்தது. கட்டணம் சிறிதுதான்; ஆனால், அதைக் கேட்டுப் பெறவேண்டிய அவமானம் சிறிதன்று.

ஆகவே, நாம் கேட்கவேண்டியவை எவை? வானளாவிய திட்டங்கள் வேண்டா. ரயிலும் பஸ்ஸும், தனியார் பஸ்ஸும் சபைப் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில் ஓடட்டும். அந்த அட்டவணையைப் பள்ளிக்கூடத்தின் மணியும் ஆஸ்பத்திரியின் கிளினிக்கும் தொழிலிடத்தின் நேரமும் தீர்மானிக்கட்டும். வசூல் தீர்மானிக்க வேண்டாம். காட்டோரக் கிராமத்துக்கு ஏற்படும் நட்டத்தை நட்டம் என்று எழுதாமல் கல்விச் செலவு, சுகாதாரச் செலவு என்று கணக்கில் எழுதட்டும். பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயர் அவ்வூர் மக்களின் மொழியில் பிழையின்றி இருக்கட்டும்.

ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. தத்தம் ஊருக்கு எத்தனை மணிக்கு எந்தப் பஸ் வருகிறது, எந்த நாளில் வரவில்லை, அதனால் யார் எதை இழந்தார் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். நாங்கள் எங்கள் வகுப்பில் அதைத் தொடங்கியிருக்கிறோம். குமுழமுனையிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வருகின்றனர். அரசர்களின் பெயர் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் அது சரித்திர நூல்தான்.

அந்த மாணவி இப்போது என் தமிழ் வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். கொப்பியில் மாலைப் பஸ்ஸின் நேரத்தை எழுதும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் வாரத்தில் ஐந்து நாட்களுக்கும் எதிரே அவள் எழுதியிருந்தது ஒரே சொல்: ‘இல்லை’. இரண்டாம் வாரத்தில் அதன் அருகே இன்னொரு சொல்லைச் சேர்த்திருக்கிறாள்: ‘ஏன்?’